கருவேலச் சாறு

போட்டு நாலாவது நாள் ஆகியும் அந்தத் தளம் இறுகவில்லை.

அரியலூருக்கு வெளியே இருந்த ஒரு கான்கிரீட் கலவை ஆலையின் முற்றத்தில், லாரி நிறுத்துவதற்காகப் போட்ட சின்னத் தளம் அது. முதல் நாள் ஒரு நாய் குறுக்கே நடந்து போய்த் தடம் பதித்தது. மறுநாள் ஆலை மேனேஜர் அன்பழகன் கால் வைத்துப் பார்த்தார். காலை எடுத்தபோது செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது. நாலாவது நாள் காலையில் டிரைவர்கள் எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அறிவு, உங்கக்கா கான்கிரீட் போடலடா. கேவுரு களி கிண்டியிருக்கு" என்றான் முத்துவேல்.

எல்லோரும் சிரித்தார்கள். மிக்சர் லாரி டிரைவர் அறிவரசன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்கக்கா மரத்துலேருந்து ஒரு கெமிக்கல் எடுத்திருக்கு சார். அதக் கலந்தா தண்ணி கம்மியா ஊத்துனாலும் கலவை நல்லா வழுக்கிக்கிட்டு ஓடுமாம். ஒரு தடவ போட்டுப் பாருங்க சார்" என்று மேனேஜரின் பின்னாலேயே திரிந்து சம்மதம் வாங்கியவன் அவன்தான்.

மதியம் பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து அவனுடைய அக்கா தமிழ்மொழி வந்து சேர்ந்தாள். பெரம்பலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்துகிறவள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தளத்தின் ஓரத்தில் குந்தினாள். விரலால் கொஞ்சம் வழித்து எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தாள்.

"சர்க்கர" என்றாள்.

"என்னாது?"

"மரத்துல இருக்கற சர்க்கரடா. நமக்கு வேண்டிய சாறோட சேர்ந்து அதுவும் வந்துருச்சு. சிமெண்டுக்குச் சர்க்கரயே ஆவாது. ஒரு கைப்பிடி உழுந்தாப் போதும், இறுக வுடாது."

"இது ஒனக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரியும். இவ்ளோ மிச்சம் இருக்கும்னுதான் தெரியல."

அந்தப் பதிலை அறிவரசனால் பொறுக்க முடியவில்லை. தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தெரிந்தே தன்னை இவ்வளவு பேர் முன்னால் நிறுத்திவிட்டாளே என்று இருந்தது. அவள் மண்வெட்டியை எடுத்து அந்தச் சேற்றை அள்ளப் போனாள். அன்பழகன் வந்து, "விடுங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்று மண்வெட்டியை வாங்கிவிட்டார். அதட்டியிருந்தால் தேவலை போல் இருந்தது தமிழ்மொழிக்கு. திரும்பிப் போகும்போது தம்பியிடம் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அவன் லாரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அறிவரசனை வண்டியிலிருந்து இறக்கி, டிரம் கொத்துகிற வேலைக்குப் போட்டார்கள். மிக்சர் லாரியின் டிரம்முக்குள் கான்கிரீட் ஒட்டி இறுகிப் போனால் ஆள் உள்ளே இறங்கித்தான் உடைத்து எடுக்க வேண்டும். உள்ளே இருட்டு, வெக்கை, காதைப் பிளக்கிற சத்தம். சாயங்காலம் வெளியே வரும்போது புருவம்கூட வெள்ளையாக இருக்கும். அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்தினான்.

செந்துறைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். ஊரைச் சுற்றி முந்திரித் தோப்பு, அதைத் தாண்டினால் ஏரி. ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம். ஒரு காலத்தில் அவர்கள் வீட்டார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள். இப்போது அம்மா கொளஞ்சியம்மாள் பத்துப் பதினைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஏரிகளில் கருவேலம் வெட்டுகிற வேலையைக் குத்தகைக்கு எடுக்கிறாள். அவள் குரல் கேட்டால் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறவன்கூட வழி விடுவான். வெட்டிய மரமெல்லாம் கரி மூட்டத்துக்குப் போகும். புகை ஊரையே மூடும். அந்தக் கரிக்காகப் பாதி மரம் புகையாகவே போகிறது என்பதுதான் தமிழ்மொழியின் மனசில் முதலில் விழுந்த விஷயம்.

மரம் மரமாக நிற்பதே அதற்குள் ஒரு பசை இருப்பதால்தான். நாரையும் நாரையும் சேர்த்துப் பிடிக்கிற அந்தப் பசைக்கு லிக்னின் என்று பெயர். வழக்கமாக அதைப் பிரித்தெடுக்கக் காட்டமான ரசாயனங்களைப் போட்டு வேக வைப்பார்கள். நாற்றமும் கழிவுநீரும் ஆற்றில் போய்ச் சேரும். தமிழ்மொழி வேறு வழியில் போனாள். கோழித் தீவனத்தில் கலக்கிற ஒரு வெள்ளைப் பொடியையும், தயிரைப் புளிக்க வைக்கிற லாக்டிக் அமிலத்தையும் சேர்த்துச் சூடாக்கினால், இரண்டும் கலந்து தேன் மாதிரி ஒரு திரவம் ஆகும். மரத்தூளை அதில் போட்டு வேக வைத்தால் லிக்னின் மட்டும் கரைந்து வெளியே வரும். மேலே தண்ணீர் ஊற்றினால் அது பழுப்பு வண்டலாக அடியில் படியும். தண்ணீரை வற்ற வைத்தால் பழைய திரவம் திரும்பக் கிடைக்கும். அதிலேயே அடுத்த மரத்தூளைப் போடலாம். புகை கிடையாது, சாக்கடைக்குப் போகிற கழிவு கிடையாது. பெரம்பலூரில் மூடிக் கிடந்த ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தின் எஃகுக் கொப்பரையைக் கல்லூரி வாங்கிக் கொடுத்தது. கல்லூரியின் பின்பக்கக் கொட்டகைதான் அவளுடைய ஆலை.

அரியலூரைச் சுற்றி எங்கே திரும்பினாலும் சிமெண்ட். எனவே அந்தப் பழுப்பு வண்டலைக் கான்கிரீட்டுக்கு உதவுகிற திரவமாக மாற்ற வேண்டும் என்று அவள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் முற்றத்தில் போட்ட தளம் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டது.

ஒரு வாரம் அவள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வகுப்புக்குப் போனாள், வந்தாள். எட்டாவது நாள், ஒரு மூட்டை மரத்தூளோடு கொளஞ்சியம்மாள் கல்லூரி வாசலில் வந்து இறங்கினாள்.

"கொட்டாயப் பூட்டி வச்சிருக்கியாமே? தொறடி."

"அம்மா, தூளு இப்ப வேண்டாம்மா."

"ஏன் வேண்டாம்? நாளு பூரா வெட்டி அறுத்து எடுத்தாந்திருக்கேன். திருப்பித் தூக்கிக்கிட்டுப் போவவா?"

"சர்க்கரய எப்புடி எடுக்கறதுன்னு தெரியலம்மா."

கொளஞ்சியம்மாளுக்கு அது விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை. "தெரியலன்னா தெரிஞ்சுக்க. இதுக்குத்தான படிச்ச?" என்று சொல்லிவிட்டு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த செந்துறை பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த மூட்டையைத் தமிழ்மொழி அன்றைக்கே அவிழ்த்தாள். இதற்கு முன்னால் மரத்தூளை நேராக அந்தத் தேன் திரவத்தில் போட்டிருந்தாள். இந்த முறை முதலில் வெறும் தண்ணீரில், கொப்பரையின் மூடியை இறுக்கி, ஆவி அழுத்தத்தில் வேக வைத்தாள். திறந்தபோது பாகு காய்ச்சுகிற வாசம் வந்தது. தண்ணீர் கருப்பட்டி நிறத்தில் இருந்தது. சர்க்கரையில் பெரும்பகுதி அதில் இறங்கிவிட்டது. எவ்வளவு நேரம், எவ்வளவு சூடு, எத்தனை தரம் கழுவ வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்து பனி வந்து அதுவும் போனது. வண்டலைச் சுத்தம் செய்து, பெராக்சைடு விட்டு லேசாகப் பக்குவப்படுத்தியதும், அது காரத்தண்ணீரில் காப்பி டிகாஷன் மாதிரி கரைந்தது. கொஞ்சம் சிமெண்டைக் குழைத்து அதில் விட்டாள். கெட்டியாக இருந்த மாவு பால் கோவா இளகுவது போல இளகி ஓடியது. மறுநாள் காலையில் சுத்தியலால் அடித்தாள். கல்லாக இருந்தது. கொட்டகைக்குள் அவள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள்.

ஆனால் இதை யாரிடம் கொண்டு போவது? அன்பழகனுக்குப் போன் போட இரண்டு முறை எடுத்து, இரண்டு முறையும் கீழே வைத்தாள்.

கடைசியில் போன் அவரிடமிருந்து வந்தது. பங்குனி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு நாள்.

"அம்மா, நான் அன்பழகன் பேசறேன். உங்க சாமான் நாலு நாள் இறுகாம நின்னுச்சுல்ல?"

அவளுக்கு முகம் சுட்டது. "ஆமா சார். அது..."

"இல்லம்மா, குத்திக் காட்டல. இந்த வெயில்ல எங்க கலவை சைட்டுக்குப் போறதுக்குள்ளயே கெட்டியாயிடுது. இருக்கற கெமிக்கலு தாக்குப் பிடிக்கல. போன வாரம் மட்டும் மூணு லோடு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த நாலு நாள்ல ஒரு மணி நேரத்த மட்டும் எனக்குக் குடுக்க முடியுமா?"

இவ்வளவு காலமாகச் சர்க்கரையை முழுக்கத் துரத்துவதைப் பற்றித்தான் அவள் யோசித்திருந்தாள். கொஞ்சம் விட்டு வைப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. கடைசிக் கழுவலை ஒரு தரம் குறைத்தால் போதும். குழம்புக்கு உப்புப் போடுகிற கணக்குதான்.

"முடியும் சார்" என்றாள். "இந்தத் தடவ எவ்ளோ மிச்சம் இருக்குன்னு எனக்குத் தெரியும்."

ஆலை அப்போது ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் பாலத்துக்குக் கான்கிரீட் அனுப்பிக்கொண்டிருந்தது. மாதாகோயிலுக்கு வருகிற பஸ்கள் சுற்றிப் போகாமல் நேராகப் போவதற்கான பாலம். அதை மேற்பார்வை பார்த்தவள் நர்மதா என்ற எஞ்சினியர். வயது முப்பதுக்குள். ஆனால் அவள் வேண்டாம் என்று கைகாட்டிய லோடை யார் சிபாரிசு செய்தாலும் இறக்க முடியாது. அன்பழகன் இரண்டு பேரையும் ஆலை ஆபீசில் உட்கார வைத்துப் பேச வைத்தார்.

தமிழ்மொழி கொண்டு வந்த சாறு பாட்டிலை நர்மதா ஆட்டிப் பார்த்தாள். "நீங்க மரத்தக் கரைக்கற திரவத்துல கோலின் குளோரைடு, அந்தத் தீவனப் பொடி, போடறதா படிச்சேன். பாலத்துக்குள்ள கம்பி இருக்கு மேடம். குளோரைடு உள்ள போனா கம்பி துருப்பிடிக்கும். இப்ப நல்லா இருக்கும், பத்து வருஷத்துல வெடிச்சு உழும்."

"மொதல்ல அதத்தான் போட்டேன்" என்றாள் தமிழ்மொழி. "நீங்க கேப்பீங்கன்னு தெரியும். அதனால மாத்திட்டேன். இப்ப போடறது பீட்டெயின். அதுவும் நாமக்கல் தீவனக் கடையில கிடைக்கறதுதான். அதுல குளோரைடே கெடயாது."

"நீங்க சொன்னா போதாது."

"போதாதுதான். நீங்களே டெஸ்ட்டுக்கு அனுப்புங்க. எங்க குடுக்கணுமோ அங்க குடுங்க."

நர்மதா முதல் முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். திருச்சியில் ஒரு சோதனைக்கூடத்துக்குப் பாட்டில் போனது. தமிழ்மொழியும் கூட நிற்க, கான்கிரீட் கட்டிகள் போட்டு உடைத்தார்கள். வெயிலில் மூன்று மணி நேரம் வரை கலவை எப்படி நிற்கிறது என்று பார்த்தார்கள். முடிவுத் தாள்கள் வந்தன. நர்மதா எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்துவிட்டு, "பாலத்துல கடைசி ஸ்பான், அந்த ஒரு கண்ணு மட்டும். அதுவும் நான் சைட்ல பாத்துட்டுத்தான்" என்று கையெழுத்துப் போட்டாள்.

அறிவரசனைத் திரும்பவும் வண்டியில் ஏற்றியதும் அந்த வாரம்தான். டிரைவர் பற்றாக்குறை. அவன் வேலைக்குக் கிளம்பும்போது கொளஞ்சியம்மாள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"அக்காகிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போ."

"எதுக்கு? மறுபடியும் டிரம்முக்குள்ள எறங்கறதுக்கா?"

"டேய், அவளும் தோத்துட்டுத்தான்டா உக்காந்திருந்தா. நீ மட்டுமா?"

அவன் பைக்கை மிதித்தான்.

கத்திரி வெயிலில் கான்கிரீட் போடுகிற நாள் வந்தது. விடிகிற நேரத்துக்கே முதல் லோடு போய்விட்டது. அந்தக் கடைசிக் கண்ணின் மேல்தளத்தை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டு முடிக்க வேண்டும். ஒரு லோடு தாமதமாகி, முன்னால் போட்ட கலவை இறுகிவிட்டால், பின்னால் வருவது அதோடு ஒட்டாது. அந்த இடத்தில் பாலம் பலவீனப்படும். அப்படி ஆனால் நர்மதா முழுத் தளத்தையும் உடைக்கச் சொல்லிவிடுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சாறு கலந்த நாலு லோடுகள் ஒழுங்காக வந்து இறங்கின. கடைசி லோடு அறிவரசனுடையது. அவன் ஆலையை விட்டுக் கிளம்பி, கீழப்பழுவூரை நெருங்கியபோது முன்னால் வண்டிகள் நிற்க ஆரம்பித்தன. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் ஒரு சிராய்ப்போடு வெளியே வந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கல் மொத்தமும் ரோட்டில். அள்ளுவதற்கு ஜேசிபி வர வேண்டும். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது.

அறிவரசனுக்குப் பின்னால் முத்துவேலின் மிக்சர் லாரி. அது வேறொரு கட்டடத்துக்குப் போகிற லோடு. அதில் வழக்கமான கெமிக்கல். அரை மணி ஆனது. ஒரு மணி நேரமும் தாண்டியது. தார் ரோட்டில் கானல் ஆடியது. முத்துவேல் இறங்கி வந்தான்.

"என் வண்டியில மீட்டரு ஏறிக்கிட்டே போவுதுடா. டிரம்மு திணறுது. நான் ரெண்டு கொடம் தண்ணி ஊத்திக்கப் போறேன். நீயும் ஊத்திக்க. யாரு பாக்கறா?"

டிரம்மைச் சுற்ற வைக்கிற இயந்திரத்தில் ஒரு மீட்டர் உண்டு. உள்ளே கலவை கெட்டியாக ஆக, முள் மேலே ஏறும். தண்ணீர் ஊற்றினால் முள் இறங்கும். கான்கிரீட்டின் பலமும் அதோடு இறங்கும். அறிவரசன் தன் வண்டியின் மீட்டரைப் பார்த்தான். கிளம்பும்போது எங்கே இருந்ததோ, அங்கேதான் நின்றது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று கண்ணாடியைத் தட்டினான். முள் லேசாக ஆடிவிட்டு அங்கேயே வந்து நின்றது.

அவன் போனை எடுத்தான். இத்தனை மாதத்தில் முதல் முறையாக அக்காவின் நம்பரை அழுத்தினான்.

பாலத்தில் தமிழ்மொழி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். போன் திரையில் தம்பியின் பெயரைப் பார்த்ததும் உடனே எடுத்தாள்.

"யக்கா, நாந்தான். கீழப்பழூர்ல மாட்டிக்கிட்டேன். டிப்பர் கவுந்து கெடக்கு. ஜேசிபி இப்பத்தான் வருது."

"கலந்து எவ்ளோ நேரமாவுது?"

"ரெண்டு மணி நேரத்தத் தொடப் போவுது. தண்ணி ஊத்தச் சொல்றானுவோ."

"ஊத்தாத. ஒரு சொட்டு ஊத்தாத அறிவு. மீட்டர் எப்புடி இருக்கு?"

"ஏறல. அப்புடியே நிக்குது. அதான் பயமா இருக்கு. அன்னிக்கு மாதிரி நாலு நாளைக்கு எறுவாமப் போயிட்டா?"

அவளுக்கும் அதே பயம் இருந்தது. ஆனாலும் திருச்சியில் உடைத்த கட்டிகள் ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்தன. "போவாது" என்றாள். "இது அது இல்ல. மூணு மணி நேரம் தாங்கும், அப்பறம் எறுவும். ஒண்ணொண்ணா உடச்சப்ப நானே கூட நின்னு பாத்திருக்கேன். டிரம்ம மெதுவா சுத்த வுட்டுட்டு நீ நெழல்ல நில்லு. வழி வுட்டதும் வா."

"சரிக்கா. வரேன்" என்றான் அறிவரசன்.

பாலத்தில் கொத்தனார்கள் வேலையில்லாமல் நின்றார்கள். கடைசியாகப் போட்ட கலவையின் விளிம்பு வெயிலில் கிடந்தது. ஈரச் சாக்குகளைப் போட்டு மூடியிருந்தார்கள். நர்மதா கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மேடம், இதுக்கு மேல நான் காத்திருக்க முடியாது. இந்த எடத்துல பலகை அடிச்சு நிறுத்திட்டு, நாளைக்கு உடைக்கறதா வேண்டாமான்னு மேல கேக்கறேன்."

"ஒரு நிமிஷம். மொதல்ல விளிம்பத் தொட்டுப் பாருங்க" என்றாள் தமிழ்மொழி.

நர்மதா ஒரு நீளமான கம்பியை எடுத்துக்கொண்டாள். சாக்கை விலக்கிவிட்டுக் கம்பியைக் கலவையில் நிறுத்தி அழுத்தினாள். இந்த வெயிலில் இந்நேரம் கம்பி முனை உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கியிருக்க வேண்டும். கம்பி வெண்ணெயில் போவது மாதிரி உள்ளே இறங்கியது. பக்கத்தில் இன்னொரு இடத்தில் குத்தினாள். அங்கேயும் இறங்கியது. பாலத்தின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குத்திக்கொண்டே போனாள். கொத்தனார்கள் அவள் பின்னாலேயே நடந்தார்கள்.

"உசுரோட இருக்கு" என்றாள் நர்மதா, தனக்குத்தானே சொல்வது போல. பிறகு சத்தமாக, "பலகை வேண்டாம். சாக்க நனைங்க. வண்டி வரட்டும்!"

கீழப்பழுவூரில் ஜேசிபி ஒரு பக்கம் வழி திறந்தது. முத்துவேலின் வண்டிக்கு அது பயன்படவில்லை. அவன் ஊற்றிய தண்ணீரும் உதவாமல் டிரம் கட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ரோட்டோரத்துக் குழியில் மொத்தத்தையும் கொட்டிக்கொண்டிருந்தான். அறிவரசன் அவனைத் தாண்டிப் போகும்போது ஹாரன் அடிக்கவில்லை. டிரம்முக்குள் இறங்கிக் கொத்துவது என்னவென்று அவனுக்குத் தெரியும். கண்ணாடியை இறக்கி, "உள்ள தண்ணியடிச்சு உடனே கழுவுடா, ஒட்ட வுட்டுடாத!" என்று கத்திவிட்டுப் போனான்.

திருமானூர் தாண்டி வாய்க்கால் ரோட்டில் மிக்சர் லாரியின் மஞ்சள் டிரம் தெரிந்ததும் பாலத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அறிவரசன் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினான். நர்மதா யாரையும் இறக்க விடவில்லை. முதலில் சோதனை. இரும்புக் கூம்பு ஒன்றில் கலவையைக் குத்திக் குத்தி நிரப்பி, கூம்பை நேராக மேலே தூக்க வேண்டும். கலவை எவ்வளவு சரிகிறது என்பதில் அதன் பதம் தெரியும். சரியாமல் நின்றால் செத்த கலவை. தண்ணீராக ஓடினால் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

நர்மதா தன் கையாலேயே கூம்பைத் தூக்கினாள். கலவை ஒரு கணம் நின்றது. பிறகு தோள் தளர்ந்தவன் உட்காருவது போல மெதுவாகச் சரிந்து பரவி நின்றது. அளவுகோலை வைத்துப் பார்த்தாள். காலையில் வந்த முதல் லோடு எவ்வளவு சரிந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே.

"தண்ணி ஊத்துனீங்களா?" என்று அறிவரசனைக் கேட்டாள்.

"இல்ல மேடம். டேங்கப் பாருங்க, வுட்டது வுட்டபடி இருக்கு."

அவள் ஏறித் தண்ணீர் டேங்கையும் பார்த்துவிட்டு இறங்கினாள். முகத்தில் அதுவரை இல்லாத ஒரு சிரிப்பு. "எறக்குங்க!"

கலவை லாரியின் பின்னால் நீட்டிய வாய்த்தகட்டில் சரிந்து இறங்கியது. பழைய விளிம்போடு புதியது சேர்ந்த இடத்தில், கலவையை அதிர வைக்கிற வைப்ரேட்டரை இறக்கினார்கள். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போனது. கொத்தனார்கள் மட்டக்கட்டையை இழுத்துக்கொண்டே போனார்கள். கடைசிக் கோடி நிரம்பியதும் மேஸ்திரி கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "முடிஞ்சுதப்போய்!" என்று கூவினார். வாய்க்காலில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

தமிழ்மொழியும் அறிவரசனும் புளியமரத்து நிழலுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு கம்மங்கூழ்ச் சொம்பு.

"ரெம்ப நாளா டிரம்மு கொத்துன" என்றாள் அவள். "என்னாலதான்."

"ஆமா" என்றான் அவன். மோர்மிளகாயைக் கடித்தான். "இன்னிக்குப் போன்ல நீ 'போவாது'ன்ன பாரு. அத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கோவிச்சிருக்க மாட்டேன்."

"அன்னிக்கு எனக்குத் தெரியாதேடா."

"அதத்தான் அன்னிக்குச் சொல்லல நீ" என்று அவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் போய்த் தொட்டுப் பார்த்தபோது தளம் இறுகியிருந்தது. மறுநாள் அதன் மேல் தண்ணீர் கட்டினார்கள். பாலம் போட்ட அன்று எடுத்து வைத்த கான்கிரீட் கட்டிகளை, உரிய நாளில், ஆலைச் சோதனைக்கூடத்து அழுத்து இயந்திரத்தில் வைத்தார்கள். நர்மதா, அன்பழகன், தமிழ்மொழி மூவரும் நின்றார்கள். டிரைவர்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். இயந்திரத்தின் முள் பாலத்துக்குக் கேட்ட அளவைத் தொட்டது. தாண்டியது. இன்னும் ஏறியது. கட்டி 'டொப்'பென்று வெடித்தபோது, முள் யாரும் எதிர்பார்க்காத இடத்தில் இருந்தது. அறையே ஆர்ப்பரித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியவன் முத்துவேல்.

அன்பழகன் அன்றைக்கே, தன் ஆலையிலிருந்து வெயில் காலத்தில் போகிற எல்லா லோடுக்கும் அந்தச் சாறு வேண்டும் என்றார். நர்மதா தன் அடுத்த பாலத்தின் வரைபடத்தைக் கொண்டு வந்து விரித்தாள்.

கல்லூரிக் கொட்டகை போதாமல் போனது. மறு வருஷம் தை பிறந்ததும், செந்துறை ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு புது ஆலை எழுந்தது. மூன்று பெரிய கொப்பரைகள். கல்லூரியும் கொளஞ்சியம்மாளின் பெண்கள் குழுவும் அதில் பங்காளிகள். ஏரியில் வெட்டுகிற கருவேலம் இப்போது கரி மூட்டத்துக்குப் போவதில்லை. லிக்னின் போக மிஞ்சுகிற வெள்ளை நார், முட்டை அட்டை செய்கிறவர்களுக்குப் போகிறது. சர்க்கரைத் தண்ணீரை வைத்து என்ன செய்யலாம் என்று தமிழ்மொழியின் மாணவிகள் இரண்டு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் டேங்கர் கிளம்பிய நாளில் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாலை போட்டார்கள். டேங்கரை ஓட்டுகிறவன் அறிவரசன். கொளஞ்சியம்மாள் பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்து, தரையில் போட்டு உடைத்தாள். ஏரியில் வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அரிவாளோடு வந்து நின்று குலவை போட்டார்கள்.

"எத்தினி வருசமா இந்தக் கருவய வெட்டறோம்" என்றாள் கொளஞ்சியம்மாள், பக்கத்தில் நின்ற நர்மதாவிடம். "முள்ளு குத்தாத நாளு இல்ல. இப்ப பாரும்மா, பாலத்துக்குப் போவுது! நாங்க வெட்டுன மரம்!"

டேங்கர் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறி, அரியலூர்ப் பக்கம் திரும்பியது. குலவை இன்னும் அடங்கவில்லை. உள்ளே இரண்டாவது கொப்பரையின் ஆவி வால்வு சீறத் தொடங்கியது. "அய்யோ, என் கொப்பர!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தமிழ்மொழி உள்ளே ஓடினாள். சிரித்துக்கொண்டே பெண்கள் அவள் பின்னால் போனார்கள்.